பேட் மாற்றியும் பிரேக் கிறீச்சிடுகிறதா?

நுவரெலியாக் குளிரில் காலை முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு மட்டும் சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். டிஸ்க்கில் (சில்லோடு சுழலும் தட்டு, பேட் இதைத்தான் கவ்வும்) இரவு ஈரத்துக்குப் பிடித்த துரு, தானாகத் தேயும். நாள் முழுக்கக் கத்தினால் ஜாக்கில் ஏற்றி, ஸ்டாண்ட் வைத்து, சில்லைக் கழற்றுங்கள்.

பல நேரம் குற்றம் பேட்டைத் தாங்கும் பழைய கிளிப்பில்தான். அதற்கடியில் துரு தடித்தால் பேட் இறுகி, பிரேக்கை விட்ட பிறகும் டிஸ்க்கை உரசும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் புதுக் கிளிப் போடுங்கள். பேட்டின் முதுகிலும் காதுகளிலும் (கிளிப்பில் உட்காரும் இரு முனைகள்) பிரேக்குக்கான சிலிக்கோன் கிரீஸ், மெல்லிசாகப் பூசுங்கள். உராயும் முகத்தில் துளிகூடப் படக்கூடாது. சாதாரண கிரீஸ் வேண்டவே வேண்டாம், சூட்டில் வழியும்.

கிளம்புமுன் பெடல் இறுகும்வரை மிதியுங்கள். பிறகு ஆளில்லாத சமதரையில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10க்கு, முழுதாக நிறுத்தாமல், எட்டுப் பத்துத் தடவை பிரேக் பிடித்துக் குறையுங்கள், இடையிடையே ஆறவிட்டு. புதுப் பேட் டிஸ்க்கோடு படிய இது. றம்பொடை இறக்கத்தில் இந்த வேலை வேண்டாம். புதுப் பேட் சூடேறி, முகம் மினுங்கி, மறுபடி கத்தும்.