வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றைச் சுத்தம் செய்தது

மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு உபரிநீர் திறந்தால், காவிரிக் கரையோரக் கிணறுகளில் சேற்றுத் தண்ணீர் புகுந்துவிடும். எங்கள் கிணற்றைச் சரிசெய்தது இப்படித்தான்.

சுற்று நிலம் வடியும் முன் இறைக்கவே கூடாது. வெளியே ஊறி நிற்கும் நீரின் அழுத்தத்தில் பக்கச்சுவர் சரியும். நனைந்த மோட்டாரை எலக்ட்ரீசியன் பார்க்காமல் போட வேண்டாம்.

கலங்கல் போக இறைத்த பின் அளவெடுங்கள். 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 28,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 5 கிராம் வீதம் 140 கிராம் பிளீச்சிங் பவுடர். இரண்டு வாளியில் பிரித்துக் கூழாகக் கரைத்து, தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் தெளிய வையுங்கள். மேலே தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக்கொள்ளுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு சேர்ந்தால் தண்ணீரின் கடினத்தன்மை கூடும். தெளிந்த நீருள்ள வாளியைக் கயிற்றில் கட்டிக் கிணற்று நீருக்குள் இறக்கி, மேலும் கீழுமாக ஆட்டினால்தான் அடிவரை கலக்கும். ஒரு மணி நேரம் தொடாதீர்கள். நெடி போன பழைய பவுடர் வேலைக்கு ஆகாது. குடிப்பதற்கு அப்போதும் கொதிக்க வைத்தே.