பெட்ரோல் விலை ஏறும்போது வீட்டுக் கணக்கில் நேரும் தவறுகள்

சென்னையில் 2021 ஜூலையில் பெட்ரோல் லிட்டருக்கு நூறு ரூபாயைத் தாண்டியபோது, பல வீடுகளின் கவலை பங்க்கில் கொடுக்கும் பணத்தோடு நின்றுவிட்டது. வரவுக்குள் வாழ நினைப்பவர்கள் முதலில் தவிர்க்க வேண்டிய தவறு அதுதான். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு பைக்கில் வேலைக்குப் போய்வரும் ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 35 கிலோமீட்டர் ஓட்டுகிறார். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் மைலேஜ், மாதத்துக்கு 25 வேலைநாள் என்று கொண்டால் அவருக்கு 17.5 லிட்டர் தேவைப்படும். விலை பத்து ரூபாய் ஏறினால் அவர் கூடுதலாகக் கொடுப்பது 175 ரூபாய். அதே சமயம் டீசல் விலையும் ஏறினால் லாரி வாடகை கூடி, கோயம்பேட்டுக்கு வந்து இறங்கும் காய்கறியிலும், மளிகையிலும், பள்ளி வேன் கட்டணத்திலும் அந்த ஏற்றம் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் வந்து சேர்கிறது. ஆகவே பெட்ரோலுக்கு மட்டும் பணம் ஒதுக்கிவிட்டு, மற்றச் செலவுகளைப் பழைய தொகையிலேயே எழுதி வைத்தால், இருபதாம் தேதிக்குள் கை கடிக்கத் தொடங்கிவிடும்.

"இருநூறுக்குப் போடுங்க" என்று கேட்கும் பழக்கமும் கணக்கை மறைக்கிறது. விலை ஏறினாலும் கொடுப்பது அதே இருநூறு என்பதால், லிட்டர் குறைந்ததும், பங்க்குக்கு முன்பைவிட அடிக்கடி போவதும் கண்ணில் படுவதில்லை. மீட்டரில் லிட்டரைப் பார்த்து, ஓடிய கிலோமீட்டரோடு சேர்த்து ஒரு மாதம் எழுதி வந்தால், எந்தப் பயணம் தேவையில்லாதது என்பது தானாகத் தெரிந்துவிடும். தெருமுனைக் கடைக்குப் பால் வாங்க வண்டியை எடுப்பது பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும்.

எல்லாவற்றிலும் அதிகப் பணத்தை விழுங்கும் தவறு, பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காகக் கடனில் புது வண்டி எடுப்பது. மின்சார ஸ்கூட்டருக்கு ஒரு லட்சம் ரூபாய் கடன் வாங்கி, 11 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுகளில் அடைத்தால், மாதத் தவணை மூவாயிரத்து இருநூறு ரூபாயைத் தாண்டும். மேலே சொன்ன தாம்பரத்துக்காரரின் மொத்தப் பெட்ரோல் செலவே, லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால், 1,750 ரூபாய்தான். பழைய வண்டி ஓய்ந்துபோய் எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றாலோ, தினமும் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்டுபவர் என்றாலோ கணக்கு வேறு. மற்றவர்கள் விலை ஏறிய வேகத்தில் ஷோரூமுக்குள் நுழையாமல் இருப்பதே நல்லது. தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் இடையே ஓடும் மின்சார ரயிலுக்கான மாத சீசன் டிக்கெட் ஐந்நூறு ரூபாயைக்கூடத் தொடாது. பெண்களுக்கோ, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் கட்டணமே இல்லை. வாரத்தில் மூன்று நாள் வண்டியை வீட்டில் விட்டுப் போனாலே விலையேற்றத்தின் பாரம் பெருமளவு இறங்கிவிடும்.

எதைக் குறைப்பது என்று தேடும்போது சிலர் வண்டி சர்வீஸையும் இன்ஷூரன்ஸையும் தள்ளிப்போடுகிறார்கள். டயரில் காற்று குறைந்தாலும், ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் மைலேஜ் இறங்கும் என்பதால், சர்வீஸில் மிச்சம் பிடித்த பணம் பெட்ரோலாகப் போய்விடும். இன்ஷூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை அபராதமே 2,000 ரூபாய். விபத்து நேர்ந்து இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தால், ஒரு குடும்பத்தால் எழுந்திருக்க முடியாது.

கிரெடிட் கார்டில் பெட்ரோல் போட்டுவிட்டு, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருவது இன்னொரு பள்ளம். மீதித் தொகைக்குப் பல கார்டுகளில் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறும். நகையை அடகு வைத்து அன்றாடச் செலவைச் சமாளிப்பதும் இதே வகைதான். மாதச் செலவில் விழுந்த துண்டை மாதச் செலவிலேயே ஈடுகட்ட வேண்டும்: வெளியே சாப்பிடுவது, அதிகம் பார்க்காத ஓடிடி சந்தா, வாரக் கடைசியில் காரில் போகும் நீண்ட பயணம் என்று ஒன்றை எடுத்து, விலை இறங்கும்வரை நிறுத்தி வைக்கலாம்.

விலை இறங்கும்போதும் ஒரு தவறு நடக்கிறது. 2022 மே மாதம் மத்திய அரசு பெட்ரோல் மீதான கலால் வரியை லிட்டருக்கு 8 ரூபாய் குறைத்தபோது பங்க்கில் விலை உடனே இறங்கியது. ஆனால் ஒருமுறை ஏறிய வேன் கட்டணமும் ஹோட்டல் விலையும் அப்படி எளிதில் இறங்குவதில்லை. அதனால் பெட்ரோலில் மிஞ்சும் தொகையைப் புதிய செலவுக்குத் திறந்துவிடாமல், சம்பளம் வரும் நாளிலேயே ஆர்.டி. கணக்குக்குப் போகும்படி வங்கியில் சொல்லி வைக்கலாம். அடுத்த ஏற்றத்தின்போது கைமாற்றுக் கேட்க வேண்டியிருக்காது.