தொங்கும் காற்றுச் செடிகள்: வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காற்றுச் செடி என்ற பெயரே முதல் தவறுக்கு வழிவகுத்துவிடுகிறது. மண்ணும் தொட்டியும் வேண்டாத செடி என்று கேட்டு வாங்கி வந்து, சன்னலோரம் தொங்கவிட்டு, இனி அது காற்றைக் குடித்தே பிழைத்துக்கொள்ளும் என்று பலரும் மறந்துவிடுகிறார்கள். தில்லான்சியா எனப்படும் இச்செடிகள் அன்னாசியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதி தொடங்கி அர்ஜென்டினா வரை மரக்கிளைகளிலும் பாறைகளிலும் பற்றி வளர்பவை. புல்லுருவியைப் போல மரத்தின் சாற்றை இவை உறிஞ்சுவதில்லை. வேர் பிடிமானத்துக்கு மட்டுமே. மழையின் நீரையும் மூடுபனியின் ஈரத்தையும் அவற்றில் கரைந்து வரும் சிறிதளவு சத்தையும் இலைகளே எடுத்துக்கொள்கின்றன.

இலைமேல் படர்ந்திருக்கும் சாம்பல் பூச்சைத் தூசி என்றெண்ணித் துணியால் துடைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது தூசி அன்று, நீரை உறிஞ்சும் நுண்ணிய செதில்கள். காய்ந்த இலை ஒன்றில் இரண்டு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள்: நீர் பட்ட இடத்தில் மட்டும் சாம்பல் நிறம் மங்கி, அடியிலிருக்கும் பச்சை மேலே தெரியும், உலர்ந்ததும் மறுபடி வெளிறிவிடும். அந்தப் பூச்சைத் துடைத்தெடுத்தால் செடி நீர் குடிக்கும் வழியே போய்விடும்.

எப்போதாவது நினைவு வந்தபோது தெளிப்பானால் இரண்டு முறை பீய்ச்சுவது போதாது. வாரம் ஒருமுறை இருபது, முப்பது நிமிடம் நீரில் மூழ்கவிடுவது பெரும்பாலான வகைகளுக்குப் பொருந்தும். குளிரூட்டிய அறையில் இருந்தால் வாரம் இருமுறை தேவைப்படலாம். இலைகள் உள்நோக்கிச் சுருண்டு நுனி பழுப்பேறினால் தாகம் என்று கொள்ளலாம். ஆயினும் தாகத்தால் வாடிய செடியைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம், அழுகிய செடியை மீட்க முடியாது. என்னிடமிருந்த அயனாந்தா வகைச் செடி ஒன்றை நீரிலிருந்து எடுத்து அப்படியே கண்ணாடிக் கிண்ணத்தில் நிமிர்த்தி வைத்துவந்தேன். மேலே பச்சையாகவே இருந்தது. ஒரு நாள் நடு இலையைத் தொட்டபோது குருத்து முழுவதும் கையோடு வந்துவிட்டது, அடிப்பகுதி கறுத்துக் கூழாகியிருந்தது.

மூழ்கவைத்து எடுத்ததும் செடியைத் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறி, இலையிடுக்கில் நீர் தேங்காதபடி கவிழ்த்தே வைத்து, நான்கு மணி நேரத்துக்குள் முற்றிலும் உலரும்படி மின்விசிறியின் காற்று படும் இடத்தில் விட வேண்டும். அடிப்பகுதி குமிழ்போல் உப்பியிருக்கும் பல்போசா போன்ற வகைகளில் உள்ளே நீர் தங்கிவிடுமாதலால் அவற்றை மூழ்கடிக்காமல் தலைகீழாக முக்கி எடுப்பதே நல்லது. வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளியது: கொடியில் போட்ட துணி உலராத நாளில் செடியும் உலராது, அன்று நீர் வேண்டாம்.

இரவில் நீர் காட்டுவதும் தவறே. வறட்சிக்குப் பழகிய இச்செடிகள், நீரிழப்பைக் குறைக்க, பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து இரவில்தான் திறந்து கரியமில வாயுவை உள்வாங்குகின்றன. அந்நேரத்தில் இலை நனைந்திருந்தால் நீர்ப்படலம் வாயுவை மறிக்கிறது. காலையே உகந்த வேளை.

நீரின் தன்மையைப் பலரும் கவனிப்பதில்லை. உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீர் இலைமேல் வெள்ளைப் படிவை விட்டுச் செதில்களை அடைத்துவிடும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரைச் சேர்த்துச் செடிகளுக்கு ஊற்றும் சிக்கனம் நம் வீடுகளில் உண்டு. நீக்கப்பட்ட உப்பெல்லாம் அதில்தானே இருக்கிறது, காற்றுச் செடிக்கு அது ஆகாது. பிடித்து வைத்த மழைநீரே சிறந்தது. உரமிட்டால் மாதம் ஒருமுறை, பொட்டலத்தில் சொன்ன அளவில் கால்பங்கு போதும்.

அன்னாசிக் குடும்பத்துச் செடிகளுக்குச் செம்பு நஞ்சு. அழகுக்காகச் செம்புக் கம்பியில் கட்டித் தொங்கவிடுவதும், அழுகலைக் கண்டதும் மற்றச் செடிகளுக்கு அடிக்கும் காப்பர் ஆக்சிகுளோரைடு என்னும் செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லியை இதற்கும் அடிப்பதும் செடியைக் கொல்லும் காரியங்கள். தூண்டில் நரம்பால் கட்டலாம். அடியைச் சுற்றி ஈரப்பாசியையோ தேங்காய் நாரையோ திணிக்க வேண்டாம். அவை ஈரத்தை விடாமல் பிடித்துவைத்து அடியை அழுகச்செய்யும். தாடிபோல் தொங்கும் ஸ்பானிஷ் மாஸும் தில்லான்சியாவே. அதைப் பெருங்கொத்தாகக் கட்டினால் உட்புறம் காற்றுப்படாமல் கறுத்துவிடும், ஆகவே இழைகளைப் பிரித்து மெல்லிய சரங்களாகத் தொங்கவிட வேண்டும்.

வெளிச்சம் தேவை, ஆனால் சித்திரை வெயில் நேரே விழும் மேற்குச் சன்னல் இலையைக் கருக்கிவிடும். மூடிய கண்ணாடி உருண்டைக்குள் வைத்தால் வெப்பம் இன்னும் கூடும்.

கடைசியாக, பூத்து முடிந்த செடி மெல்ல வாடுவதைக் கண்டு அது செத்துவிட்டதாக எண்ணித் தூக்கி எறிகிறார்கள். குலை தள்ளிய வாழையைப் போல இதுவும் ஒருமுறைதான் பூக்கும். அதற்குள் அடியில் பக்கக் கன்றுகள் விட்டிருக்கும். கன்று தாயின் அளவில் மூன்றிலொரு பங்காவது வளர்ந்த பின்பே பிரிக்க வேண்டும். பிரிக்காமலே விட்டால் சில ஆண்டுகளில் பந்துபோல் திரளும், தொங்கவிடுவதற்கு எனக்கு அதுவே பிடித்த உருவம்.