பழைய நெகட்டிவை ஸ்கேன் செய்யப் போகிறீர்களா? முதலில் அந்த ஈரத்துணியைக் கீழே வையுங்கள்

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் வருஷக்கணக்காகக் கடல் காற்றைத் தாங்கிக்கொண்டு பரணில் கிடந்த நெகட்டிவ், ஸ்கேன் பண்ணலாம் என்று கீழே இறக்கிய அன்றைக்கே பாழாவதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். ஸ்கேனர் மேல் பழி போட முடியாது, அதைத் தொடுவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடுகிறது. டப்பாவைத் திறக்கிறோம், பிலிம் மேல் வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, வீட்டில் யாரோ நல்ல எண்ணத்தில் துணியை நனைத்து ஒரு துடை துடைக்கிறார்கள். துணியோடு படமும் வந்துவிடுகிறது.

காரணம் இதுதான். பிலிமில் படம் இருப்பது ஒரு மெல்லிய ஜெலட்டின் பூச்சில். ஜெலட்டின் பூஞ்சைக்கு நல்ல தீனி. நம் பக்கம் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். பூஞ்சை தின்ற இடத்தில் ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்துவிடுகிறது. அதனால் துடைக்கும் முன் பாருங்கள். ட்யூப்லைட்டுக்குக் கீழே நெகட்டிவின் ஓரத்தை மட்டும் பிடித்து, பளபளப்பில்லாத, மங்கலான பக்கம் மேலே இருக்கும்படி மெல்லச் சாய்த்தால், தூசு தனித்தனிப் புள்ளியாகத் தெரியும். பூஞ்சை என்றால் ஒரு புள்ளியிலிருந்து வேர் விட்ட மாதிரி கிளை கிளையாகப் பிரிந்திருக்கும். தூசுக்கு ரப்பர் ப்ளோயர் போதும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறித்தால் அதுவும் ஈரம்தான். பூஞ்சை இருந்தால் தண்ணீர் கூடவே கூடாது. 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை நூல் பிரியாத துணியில் தொட்டு, ஒன்றுக்கும் உதவாத ஒரு பிரேமின் ஓரத்தில் முதலில் சோதித்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். மெடிக்கலில் கிடைக்கும் 70 சதவீதச் சரக்கில் மீதி பெரும்பாலும் தண்ணீர், அது வேண்டாம். சானிடைசரும் வேண்டாம்.

இன்னொன்று, ஸ்டூடியோவில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களில், பெரிய சைஸில் இருப்பவற்றில் முக்கியமாக, முகத்தில் பென்சிலால் டச்சிங் செய்திருப்பார்கள். கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், நுண்ணிய கோடுகளாக மங்கலான பக்கத்தில் இருக்கும். அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டால் ஒரு கலைஞரின் கைவேலையும் சேர்ந்து போகும்.

வெள்ளத்தில் நனைந்த பிலிம் விஷயத்தில் கதை தலைகீழ். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களில் பலர் ஆல்பத்தை மொட்டை மாடியில் வெயிலில் காயப் போட்டார்கள். நனைந்த நெகட்டிவ்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி காய்ந்தால் பிறகு பிரிக்க முடியாது. இழுத்தால் ஒன்றின் படம் இன்னொன்றில் ஒட்டிக்கொண்டு வரும். நனைந்தது நனைந்தபடியே சுத்தமான குளிர்ந்த நீரில் போட்டு, நீருக்குள்ளேயே மெதுவாகப் பிரித்து, ஓரத்தில் கிளிப் மாட்டி நிழலில் தொங்கவிட வேண்டும். இரண்டு நாளுக்குள் முடித்துவிடப் பாருங்கள். அது முடியாத நிலைமை என்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். கண்ணாடித் தகட்டு நெகட்டிவை மட்டும் உறைய வைக்காதீர்கள்.

சரி, எதை முதலில் ஸ்கேன் செய்வது? எல்லோரும் வயதைப் பார்த்து, தாத்தா காலத்துக் கறுப்பு வெள்ளையை முதலில் எடுக்கிறார்கள். அது தப்பு. கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளித் துகளால் ஆனது, ஒழுங்காகக் கழுவிய நெகட்டிவ் உங்கள் பேரன் காலம் வரை இருக்கும். கலர் என்பது சாயம், அது இருட்டுப் பெட்டிக்குள் இருந்தாலும் மங்கும். எழுபதுகளில் எண்பதுகளில் எடுத்த கலர் நெகட்டிவும் ஸ்லைடும்தான் இன்றைக்கு அவசரம். அதற்கும் முன்னால் ஒன்று உண்டு: டப்பாவைத் திறந்ததும் காடி வாடை, வினிகர் மாதிரி புளித்த நெடி அடித்தால், அந்த பிலிமின் அசிட்டேட் அடித்தளமே சிதைந்து அமிலம் வெளியேறுகிறது என்று அர்த்தம். சுருண்டு சுருங்க ஆரம்பித்துவிட்டால், ஸ்கேனரில் பிலிமைப் பிடித்து வைக்கும் எந்த ஹோல்டரிலும் உட்காராது. அந்த நெடி பக்கத்திலிருக்கும் நல்ல பிலிமையும் கெடுக்கும். உடனே பிரித்துத் தனியாக வையுங்கள், ஸ்கேனும் அதற்குத்தான் முதலில்.

அப்புறம், கையிலிருப்பது என்ன சைஸ் என்று பார்க்காமலே ஸ்கேனர் வாங்குகிறார்கள். அந்தக் காலத்தில் நம் வீடுகளில் அக்ஃபா கிளிக் கேமரா நிறைய இருந்தது. அது 120 ரோல் போடும் கேமரா, நெகட்டிவ் சதுரமாக, கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டருக்கு 6 சென்டிமீட்டர் இருக்கும். பிறகு பர்மா பஜாரில் வாங்கிய யாஷிகா வந்ததும் 35 எம்எம். ஒரே பெட்டியில் இரண்டும் கலந்து கிடக்கும். 35 எம்எம்முக்கு மட்டுமான ஸ்கேனரை வாங்கிக்கொண்டு வந்தால், அந்தச் சதுர நெகட்டிவ்கள் எதுவும் அதற்குள் நுழையாது. முதலில் பெட்டியைக் கொட்டி சைஸ் வாரியாகப் பிரித்து வையுங்கள், அப்புறம் கடைக்குப் போங்கள்.

கடைக்குப் போனாலும் நிலைமை முன்பு மாதிரி இல்லை. பிலிம் ஸ்கேனர் செய்த மினோல்டா 2006இல் கேமரா தொழிலையே விட்டுவிட்டது, நிகான் தன் கூல்ஸ்கேன் ஸ்கேனர் வரிசையை நிறுத்திப் பல வருஷமாகிறது. ஊட்டியில் பிலிம் செய்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸே இன்றைக்கு இல்லை. அதனால் நல்ல மெஷின் என்றால் பெரும்பாலும் செகண்ட் ஹேண்டுதான். அதை வாங்கும்போது 'லைட் எரியுது சார்' என்ற ஒரு வார்த்தையை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பிலிம் ஹோல்டர் இருக்கிறதா? அது இல்லாத ஸ்கேனர் பாதி ஸ்கேனர், தனியாகத் தேடினால் கிடைப்பது கஷ்டம். வயர் எந்த வகை, ஃபயர்வயரா யுஎஸ்பியா, உங்கள் கம்ப்யூட்டரில் அந்த ஓட்டை இருக்கிறதா? கம்பெனியின் பழைய மென்பொருள் பெரும்பாலும் புது விண்டோஸில் ஓடாது, ஆனால் வியூஸ்கேன் மாதிரி மென்பொருள் பழைய மெஷின்கள் பலவற்றுக்கு இன்னும் உயிர் கொடுக்கிறது. கடைசியாக, நல்ல கறுப்பும் பளிச்சென்ற வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஒரு ஸ்லைடைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே ஸ்கேன் செய்து பாருங்கள். வெள்ளையிலிருந்து கறுப்புக்குள் புகை மாதிரி ஒளி கசிந்தால் உள்ளே கண்ணாடியில் தூசோ பூஞ்சையோ படிந்திருக்கிறது. கடலோர ஊரில் கிடந்த மெஷினில் இதை முதலில் சந்தேகப்பட வேண்டும்.

புதிதாக ஆன்லைனில் விற்கும் சின்ன ஸ்கேனர் பெட்டிகள் வேறு ரகம். 22 மெகாபிக்சல் என்று அட்டையில் போட்டிருக்கும், உள்ளே இருக்கும் சென்சார் அதைவிடச் சிறியதாக இருக்கும், மீதியை மென்பொருள் இட்டு நிரப்பும், கொடுப்பதும் ஜேபெக் மட்டும். படத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அது போதும், வைத்துக் காப்பாற்றும் பிரதிக்கு அதை நம்பாதீர்கள். கண்ணாடி மேல் வைத்து எடுக்கும் பிளாட்பெட் ஸ்கேனர்களிலும் இதே வித்தைதான், 6400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) என்று எழுதியிருந்தாலும் நிஜமாகக் கிடைப்பது அதில் பாதியைக்கூடத் தொடாது. ஒரு 35 எம்எம் பிரேமை 2400 டிபிஐயில் எடுத்தால் ஏழரை மெகாபிக்சல் அளவுக்கு வரும், 4000 என்றால் 21 மெகாபிக்சல். 120 சதுர நெகட்டிவோ 2400லேயே 28 மெகாபிக்சல் கொடுத்துவிடும், அதற்குப் பிளாட்பெட்டே தாராளம். இருக்கிற அதிகபட்ச எண்ணில் வைத்து ஸ்கேன் செய்வதால் நேரமும் டிஸ்க்கும்தான் வீணாகும், படத்தில் புதிதாக எதுவும் சேராது.

தூசியைத் தானாக நீக்கும் டிஜிட்டல் ஐஸ் வசதியை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. அது அகச்சிவப்பு ஒளியை பிலிம் வழியே அனுப்பி வேலை செய்கிறது. கலர் சாயம் அந்த ஒளியை விட்டுவிடும், தூசு மறைக்கும், அந்த வித்தியாசத்தை வைத்துத் தூசியைக் கண்டுபிடிக்கும். ஆனால் கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளி, அதுவும் ஒளியை மறைக்கும். மெஷின் படத்தையே தூசு என்று எடுத்துக்கொண்டு, மூக்கு, புருவம், முடி எல்லாவற்றையும் கொழகொழவென்று ஆக்கிவிடும். கோடாக் கம்பெனியின் கோடாக்குரோம் ஸ்லைடிலும் பெரும்பாலான ஸ்கேனர்களில் இதே தொல்லை வரும். ஸ்லைடைச் சுற்றியிருக்கும் சட்டத்தில் பெயரே அச்சிட்டிருக்கும், பார்த்துவிட்டு அதற்கு மட்டும் ஐஸை அணைத்துவிடுங்கள். 2009இல் தயாரிப்பு நின்ற பிலிம் அது, அதைக் கழுவிய கடைசி லேப், அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தில், 2010 டிசம்பர் 30 வரை வாங்கியதோடு நிறுத்திக்கொண்டது. உங்கள் மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த ஸ்லைடுகளில் அது இருக்க வாய்ப்பு அதிகம்.

திருப்பி வைத்து ஸ்கேன் செய்வது எளிதில் கண்ணில் படாத தப்பு. பளபளப்பான பக்கம் வழியாகப் பார்த்தால்தான் படமும் ஓரத்து எண்ணும் நேராகத் தெரியும். எண் வெட்டப்பட்டிருந்தால் கடைப் பலகையைப் பாருங்கள், அதுவும் இல்லையென்றால் புடவை கட்டியவர் யாராவது இருந்தால் முந்தானை எந்தத் தோளில் என்று பாருங்கள், நாம் கட்டும் விதத்தில் அது இடது தோளில் இருக்க வேண்டும். சௌகார்பேட்டைப் பக்கத்துக் கல்யாணப் படமாக இருந்தால் இந்தச் சோதனை செல்லாது, அங்கே பலர் முந்தானையை வலது தோளில் முன்பக்கம் விடுவார்கள். அப்போது ஆண்களின் சட்டைப் பை இடது பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்கேனர் கிடைக்காதவர்களுக்குக் கேமராவால் எடுப்பது நல்ல வழி, இன்றைக்கு என்னைக் கேட்டால் அதையே சொல்வேன். பிலிமை அதன் நிஜ அளவிலேயே நெருக்கமாக எடுக்கும் 1:1 மேக்ரோ லென்ஸ், ஆட்டம் இல்லாத ஸ்டாண்டு, கீழே நிறம் சரியாகக் காட்டும் எல்இடி, நிறத் துல்லியத்தைச் சொல்லும் சிஆர்ஐ எண் 95க்கு மேல். மொபைல் திரையை விளக்காக வைத்து அதன் மேல் நெகட்டிவை நேரடியாக வைத்தால் திரையின் புள்ளிகள் படத்தில் வலை மாதிரி விழும், இடையில் பால் நிற அக்ரிலிக் துண்டு ஒன்று வேண்டும். பிரேமைச் சுற்றிக் கறுப்பு அட்டையால் மறைக்காவிட்டால் பக்கவாட்டு வெளிச்சம் படத்தை வெளிறச் செய்யும். கேமராவும் பிலிமும் இணையாக இல்லாவிட்டால் ஒரு மூலை கூர்மையாகவும் எதிர்மூலை மங்கலாகவும் வரும். பிலிம் இருக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்து, அதில் லென்ஸின் பிம்பம் நட்டநடுவில் தெரியும்படி சரிசெய்தால் போதும். கேமரா பதிந்ததை அப்படியே தரும் ரா கோப்பில் எடுங்கள், ஒரு ஸ்டிரிப் முழுக்க எக்ஸ்போஷரை மாற்றாதீர்கள். கலர் நெகட்டிவின் ஆரஞ்சு நிறத்தை நீக்க, படமே பதியாத ஓரம் கொஞ்சம் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும், அதை வெட்டிவிட்டால் நிறம் கணக்கிட ஆதாரமே போய்விடும். நிறத்தைத் திருப்ப டார்க்டேபிள் மென்பொருளில் நெகடாக்டர் என்ற பகுதி இருக்கிறது, இலவசம்.

எதில் எடுத்தாலும் ஃபேனை அணைத்து ஜன்னலைச் சாத்துங்கள். எண்ணூர், மணலி பக்கத்துக் காற்றில் வருவதை எல்லாம் ஸ்கேனர் கண்ணாடியிலிருந்து பொறுக்க முடியாது. ஆரம்பிக்கும் முன் தரையை ஈரத்துணியால் துடைத்துவிடலாம், அந்தத் துணிக்கு இதுதான் சரியான வேலை.

லேபில் கொடுப்பதென்றால் முழுப் பெட்டியையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு ஸ்டிரிப்பைக் கொடுத்து, டிஃப் கோப்பாக (ஜேபெக் மாதிரி தரத்தைக் குறைக்காத படக் கோப்பு) கேளுங்கள், அதை 100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். தலைமுடியைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் மெஷின் தானாகக் கூர்மைப்படுத்தியிருக்கிறது, அது வேண்டாம் என்று சொல்லுங்கள். நெகட்டிவை ஒற்றை ஒற்றைப் பிரேமாக வெட்டக் கூடாது என்று பையின் மேலேயே எழுதிக் கொடுங்கள். ஒற்றைப் பிரேம் பெரும்பாலான ஹோல்டர்களில் சரியாக நிற்காது.

4000 டிபிஐ, 16 பிட் டிஃப் என்றால் ஒரு படமே 120 எம்பியைத் தாண்டும், 36 படம் கொண்ட ரோலுக்கு நாலரை ஜிபி. கனமாக இருக்கிறதே என்று ஜேபெக்காக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், மங்கிய நிறத்தைப் பிறகு மீட்க அந்தக் கூடுதல் தகவல்தான் உதவும். டிஃப்பை இரண்டு டிஸ்கில் வைத்து, அதில் ஒன்றை வேறு வீட்டில், முடிந்தால் வெள்ளம் ஏறாத மாடி வீட்டில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியது பிரதி ஆகாது, அது படத்தைச் சுருக்கிவிடும்.

ஸ்கேன் முடிந்ததும் 'இனி எதற்கு இந்தக் குப்பை' என்று நெகட்டிவைப் போட்டுவிடுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. டிஸ்க் போகலாம், நாளைக்கு இதைவிட நல்ல கருவி வரலாம், அசல் அதுதான். பிவிசி உறையிலிருந்து எடுத்து அமிலமில்லாத காகித உறையிலோ பாலிப்ரொப்பிலீன் உறையிலோ போடுங்கள். அந்துருண்டை போட்ட பீரோவும், குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும், தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் பரணும் ஆகாது. மூடி இறுக்கமான டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி போடுங்கள். பழைய கவரில் ஸ்டூடியோக்காரர் எழுதிய தேதியும் பெயரும் இருந்தால் கவரையும் ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டு, கோப்புக்குக் கொடுத்த அதே ரோல் எண்ணைப் புது உறையிலும் எழுதுங்கள். எழுதும்போது உறைக்குள் பிலிம் இருக்கக் கூடாது, பேனா அழுத்தம் உள்ளே பதியும்.