அமைதியான மலைச்சாலைகளில் சைக்கிள் பயணம்: ஜவ்வாது மலையை முன்வைத்து ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் மலைக்குச் சைக்கிளில் போக விரும்புகிறவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஊட்டியும் கொடைக்கானலும்தான். அந்தச் சாலைகள் அழகானவை. ஆனால் சுற்றுலா வேன்களுக்கும் பேருந்துகளுக்கும் ஒதுங்கி ஒதுங்கியே ஏறவேண்டியிருப்பதால், மலையைப் பார்ப்பதைவிடப் பின்னால் வரும் வண்டியின் ஒலியைக் கேட்பதிலேயே கவனம் முழுவதும் போய்விடுகிறது. அமைதியாக ஏற வேண்டும் என்றால் கிழக்குத் தொடர்ச்சி மலைகளை நாட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை ஆகியவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் மக்கள் வாழ்ந்து உழுது பயிரிடும் மலைகள். அங்குள்ள சாலைகள் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்களுக்காகப் போடப்பட்டவை.

அமைதியான சாலையைக் கண்டுபிடிக்க எனக்குப் பயன்பட்ட வழி ஒன்று உண்டு. ஊர்ப் பேருந்து போகும், ஆனால் சுற்றுலாப் பயணி போகமாட்டார் என்னும் சாலையைத் தேட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கைந்து முறையாவது பேருந்து போகிறது என்றால், சாலை ஓரளவு செப்பனிடப்பட்டிருக்கும். வழியில் ஒரு தேநீர்க் கடையாவது இருக்கும். சைக்கிள் பழுதானால் உதவிக்கு மனிதர்கள் கிடைப்பார்கள். பேருந்தே போகாத சாலை இன்னும் அமைதியாக இருக்கலாம் என்றாலும், பாதி வழியில் தார் முடிந்து கருங்கல் ஜல்லி தொடங்கிவிட்டால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். பெயர் பெற்ற மலைகளுக்கும் பெரும்பாலும் இரண்டாவது வழி ஒன்று இருக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட வழியில்தான் எல்லோரும் ஏறுகிறார்கள். குப்பனூர் வழியாகச் செல்லும் சாலையில் நெரிசல் குறைவு. கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் 70 வளைவுகளை விடுமுறை நாட்களில் மோட்டார் சைக்கிள்காரர்கள் நிறைத்துவிடுகிறார்கள். முள்ளுக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஏறும் வழியும் இருக்கிறது. எந்த மலையானாலும் செவ்வாய், புதன் போன்ற வார நாட்களில் ஏறுவது, ஞாயிற்றுக்கிழமை ஏறுவதைவிடப் பல மடங்கு மேலானது.

முதன்முறையாக மலை ஏறுகிறவர்களுக்கு நான் சொல்லும் பாதை, வாணியம்பாடியில் தொடங்கி ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர் வழியாகப் போளூரில் முடிவது. ஜவ்வாது மலையை மேற்கிலிருந்து கிழக்காகக் குறுக்கே கடக்கும் இந்தப் பயணத்தை இரண்டு நாட்களில் நிதானமாக முடிக்கலாம். வாணியம்பாடியிலிருந்து ஜமுனாமரத்தூர் ஐம்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அங்கிருந்து போளூர் சுமார் 40 கிலோமீட்டர். திசையை மாற்றிக்கொள்ள வேண்டாம் என்று வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. வாணியம்பாடி ஏற்கெனவே 350 மீட்டர் அளவு உயரத்தில் இருக்கிறது. போளூரோ 200 மீட்டருக்கும் கீழே. ஆகவே மேற்கிலிருந்து தொடங்கினால் ஏற்றம் குறைந்து, இறக்கம் நீள்கிறது. எந்தப் பாதையைத் திட்டமிட்டாலும் இரு முனைகளின் உயரத்தையும் முதலில் பார்த்துவிட்டு, உயரமான முனையிலிருந்து புறப்படுவதுதான் நல்லது.

ஏற்றத்தைக் கிலோமீட்டரால் அளக்கக் கூடாது. சமதளத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று கணக்கிட்டு, அதன்மேல் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் கால் மணி நேரம் கூட்டிக்கொண்டால், சுமையோடு போகிற சராசரி மனிதருக்கு அந்தக் கணக்கு சரியாக வரும். முதல் நாள் 50 கிலோமீட்டருக்கு மூன்று மணி இருபது நிமிடம். இடையில் வரும் மேடுபள்ளங்களையும் சேர்த்து 600 மீட்டர் ஏற்றம் என்று வைத்தால் மேலும் ஒன்றரை மணி நேரம். ஆக ஏறத்தாழ ஐந்து மணி நேரம் மிதிக்க வேண்டும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால், ஆலங்காயத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு, வெயில் உச்சிக்கு வருமுன் மலைமேல் இருக்கலாம். ஆலங்காயம்தான் அடிவாரத்தின் கடைசிப் பெரிய ஊர். பழம், தண்ணீர், மாத்திரை, ரொக்கப் பணம் ஆகியவற்றில் குறை இருந்தால் இங்கேயே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

ஆலங்காயத்தைத் தாண்டியதும் காட்டுக்குள் ஏற்றம் தொடங்குகிறது. சரிவை விழுக்காட்டில் சொல்வார்கள். 100 மீட்டர் தூரத்தில் 7 மீட்டர் உயர்ந்தால் அது 7 விழுக்காடு. அத்தகைய ஏற்றத்தில் மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகமே போதும். மூச்சு வாங்காமல் பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டு போக முடிகிறதா என்பதுதான் சரியான அளவுகோல். எழுந்து நின்று மிதிப்பது இளைஞர்களுக்குப் பெருமையாகத் தோன்றும். ஆனால் இருபது நிமிடத்தில் தொடை கெட்டிப்பட்டு, மீதி நாள் முழுவதும் அந்த வலியோடுதான் போக வேண்டியிருக்கும். உட்கார்ந்தபடி, கியரைக் குறைத்து, கால்கள் சீராகச் சுழலும்படி மிதிக்க வேண்டும். வளைவின் உட்புறம்தான் மிகச் செங்குத்தானது. மேலும் கீழும் வண்டி வரவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் சற்று வெளிப்புறமாக விரிந்து திரும்பலாம். தெரியாவிட்டால் இடது ஓரத்தை விட்டு விலகவே கூடாது.

இதற்கெல்லாம் ஏற்ற சைக்கிள் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, கியர்தான் முக்கியம். முன்னால் உள்ள மிகச் சிறிய பல்சக்கரத்தின் பற்கள், பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரத்தின் பற்களுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்க வேண்டும். முன்னால் 30, பின்னால் 34 என்று இருந்தால் பத்து கிலோ சுமையோடும் ஜவ்வாது மலையில் ஏறிவிடலாம். முன்னால் 50, பின்னால் 28 என்றிருக்கும் பந்தய சைக்கிளில் அதே ஏற்றம் முழங்காலைக் கெடுக்கும். டயர் 32 முதல் 40 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் குண்டும் குழியும் உடம்பை உலுக்காது. சுமையை முதுகில் மாட்டிக்கொள்ளாமல் பின் கேரியரின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கவிட வேண்டும். இரண்டு மாற்று டியூப்கள், பஞ்சர் ஒட்டும் பொருட்கள், கைப் பம்ப், சங்கிலியை இணைக்கும் கொக்கி, ஒரு ஜோடி பிரேக் கட்டைகள் ஆகியவை கையில் இருக்க வேண்டும். மலைமேல் மோட்டார் சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிறவர் கிடைப்பார். சைக்கிளுக்கான உதிரிப் பொருள் கிடைக்காது.

காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த இடத்தில், 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட தொலைநோக்கி 1986-இல் செயல்படத் தொடங்கியது. நகரத்து வெளிச்சத்திலிருந்து தள்ளியிருப்பதும், நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடவானம் தென்வானம் இரண்டிலும் பெரும்பகுதியைப் பார்க்க முடிவதும் இந்த இடத்தின் சிறப்புகள். இரவு மலைமேல் தங்குகிறவர், விளக்குகளை அணைத்துவிட்டு அரை மணி நேரமாவது வெளியில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சமவெளியில் நாம் மறந்தே போன நட்சத்திரங்கள் அங்கே தெரிகின்றன.

காவலூருக்குப் பிறகு சாலை ஏறி இறங்கி, சாமை வயல்களுக்கும் புளிய மரங்களுக்கும் பலா மரங்களுக்கும் இடையே செல்கிறது. இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்பவர் என்று பொருள்பட வழங்கும் பெயர் இது, கேரளத்தோடு தொடர்புடையதன்று. வழி கேட்கும்போது, “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்பதால் பயனில்லை. மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு எல்லாமே “இதோ பக்கம்தான்.” அதற்குப் பதிலாக, “அண்ணே, இந்த வழியா பஸ் போகுமா? இனிமே மேடு இருக்கா, பள்ளமா?” என்று கேட்டால் பயனுள்ள பதில் வரும். தேநீர்க் கடையில் ஒரு தேநீரோடு எழுந்துவிடாமல், அங்கு விளையும் சாமையோ தேனோ கொஞ்சம் வாங்கிக்கொள்வது முறை. அந்தச் சாலையைப் பயன்படுத்தும் நாம் அந்த ஊருக்குச் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அதுதான். ஆட்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. நெகிழி உறை எதையும் காட்டில் விடக் கூடாது.

இரவு தங்க ஜமுனாமரத்தூரே ஏற்றது. அறைகள் அதிகம் இல்லை என்பதால், புறப்படுமுன்பே தொலைபேசியில் பேசி உறுதிசெய்துகொள்ள வேண்டும். மாலை ஐந்து மணிக்குமேல் காட்டுப் பகுதியில் சைக்கிள் ஓட்டக் கூடாது. இந்த மலையில் கரடிகள் உண்டு, சைக்கிள் ஓசையில்லாமல் வருவதால் விலங்கு திடுக்கிடும். கூட்டமாகச் சென்றாலும் வளைவுகளில் மணி அடித்துக்கொண்டே போவது நல்லது. இதே காரணத்தால்தான், 27 கொண்டை ஊசி வளைவுகளுடன் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் ஏறும் திம்பம் மலைப்பாதையைப் போன்ற சாலைகளைச் சைக்கிள் பயணத்துக்கு நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அங்கே அமைதியாக இருக்க வேண்டியது யானைகளின் வழித்தடம்.

காலத்தைப் பொறுத்தவரை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, மார்கழி முதல் மாசி வரை சிறந்தது. அதிகாலைக் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டையும் காற்றுப் புகாத மேலுடையும் வேண்டும். சித்திரை, வைகாசியில் மலைமேல் இதமாக இருந்தாலும், வாணியம்பாடியிலும் போளூரிலும் அடிக்கும் வெயில் சைக்கிள்காரருக்கு உகந்ததன்று.

இரண்டாம் நாள் இறக்கம். ஏற்றத்தில் யாரும் பெரிதாக அடிபடுவதில்லை, அடிபடுவது இறக்கத்தில்தான். புறப்படுமுன் இரு பிரேக்குகளையும் அழுத்திப் பார்த்து, கட்டை தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால் விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கவும் கூடும். ஆகவே வளைவுக்கு முன்பே, நேரான பகுதியில், இரண்டையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட வேண்டும். வளைவுக்குள் போன பிறகு முன் பிரேக்கை இறுக்குவது ஆபத்து. மழை பெய்த சில நாட்களுக்கு வளைவுகளில் மணல் ஒதுங்கியிருக்கும். புளி, சாமை காயவைக்கும் காலத்தில் சாலையிலேயே தானியம் பரப்பியிருப்பார்கள். குறுகலான மலைச்சாலையில், ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. பேருந்து வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு திரும்பும் என்பதால், அதன் ஒலிப்பான் கேட்டதும் ஓரமாக இறங்கி நின்றுவிடுவதே சரி. பாதி வழியில் சைக்கிள் முற்றாகப் பழுதாகிவிட்டால், சரக்கு ஏற்றிவந்து காலியாகத் திரும்பும் குட்டியானை வண்டிகளைக் கைகாட்டி நிறுத்திக் கேட்கலாம். வாடகையை முதலிலேயே பேசிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

போளூர், விழுப்புரம்–காட்பாடி ரயில் பாதையில் உள்ள ஊர். சிறிய நிலையங்களில் ரயில் ஓரிரு நிமிடங்களே நிற்பதால் சைக்கிளைச் சரக்குப் பெட்டியில் ஏற்றுவது கடினம். உடலில் தெம்பு இருந்தால் சமதளத்தில் திருவண்ணாமலை வரை மிதித்துப் போகலாம்; இல்லையென்றால் காட்பாடிக்கு ஒரு வண்டி பேசிக்கொண்டு போய், ரயில் புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன்பே அங்குள்ள பார்சல் அலுவலகத்தில் பதிவுசெய்ய வேண்டும். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டையைச் சைக்கிள் சட்டத்தில் இறுகக் கட்டி, பைகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பல்சக்கர மாற்றி வளையாதபடி சங்கிலியைப் பின்பக்கத்து மிகப் பெரிய பல்சக்கரத்தில் வைத்து ஒப்படைக்க வேண்டும்.