ஓட்டோ குலுங்கட்டும், பற்றரி ஜொயின்ற் குலுங்கக் கூடாது

நான் முதல் முதல் கரண்டில ஓடுற ஓட்டோ ஒண்டுக்குக் கட்டின பற்றரி 16 எல்எஃப்பி (லிதியம் அயன் பொஸ்பேற்) செல், 51.2 வோல்ட், மேசையில வச்சுப் பாக்கேக்க பிரச்சினையே இல்ல. கொழும்பில வெள்ளவத்தையில இருந்து புறக்கோட்டைக்கும் திருப்பியும் ஒரு மாசம் ஓடினதுக்குப் பிறகு மச்சான் கோல் எடுத்து "சீட்டுக்கடியால கருகின மணம் வருதடா" எண்டான். திறந்து பாத்தா செல் எல்லாம் ஓகே, ஒரே ஒரு நட் லூஸ், அந்த இடத்தில பஸ்பார், அதாவது செல்லையும் செல்லையும் இணைக்கிற செப்புத் தகடு, கறுத்து பக்கத்துப் பிளாஸ்டிக் உருகியிருக்கு. நட்ட இறுக்கிவிட்டா சரி எண்டு நினைக்காதேங்கோ, பிழை என்ர டிசைன்ல, ஏனெண்டா அந்தச் செல்லுகளை ஒண்டாப் பிடிச்சு வச்சிருந்ததே பஸ்பார்தான். பஸ்பாருக்கு கரண்ட் கடத்துற வேலை மட்டும்தான் இருக்கோணும், பாரம் தாங்கிற வேலை பெட்டிக்கு.

ஒரு சின்னக் கணக்கு சொல்றன். ஜொயின்ற்ல 1 மில்லிஓம் தடை இருந்தா 40 ஆம்பியர் ஓடேக்க 1.6 வொட் சூடு. லூஸாகி 5 மில்லிஓம் ஆனா 8 வொட், அவ்வளவும் விரல் நுனி அளவு இடத்தில. சூடாக இன்னும் லூஸாகும், லூஸாக இன்னும் சூடாகும், அப்பிடியே போகும்.

அதால முதல்ல பெட்டிதான். பெரிய சதுரச் செல்லுகள் சார்ஜ் ஏற ஏற கொஞ்சம் ஊதும், இறங்கேக்க சுருங்கும், எட்டு செல் வரிசையா நிண்டா அந்தக் கொஞ்சம் எல்லாம் கூடி வரும். ரெண்டு பக்கமும் தடிச்ச அலுமினியத் தட்டு வச்சு நீட்டு ஸ்ரட் (மரை போட்ட கம்பி) நாலு போட்டு அமத்திப் பிடிக்கோணும். சில 280 ஆம்பியர் அவர் செல்லின்ர டேட்டாஷீற்ல 300 கிலோ விசை எண்டு போட்டிருப்பாங்கள், உங்கட செல்லுக்கு என்ன போட்டிருக்கெண்டு பாருங்கோ, ஆனா கண்ட மாதிரி நசிக்கிறதும் கூடாது. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில எஃப்ஆர்4 ஷீற் (கரண்ட் கடத்தாத கண்ணாடி இழைத் தகடு) வைக்க மறக்காதேங்கோ, வெளி உறை உரஞ்சிச்சுதெண்டா ஷோர்ட்தான்.

பிறகு பஸ்பார். நேரான தடிச்ச செப்புத் துண்டு வடிவா இருக்கும், ஆனா செல் அசையிற ஒவ்வொரு தரமும் அது செல்லின்ர டேர்மினலப் (கரண்ட் வாற முனையை) பிடிச்சு இழுக்கும். நடுவில வளைவு விட்ட பஸ்பார், இல்லாட்டி மெல்லிய தகடு அடுக்கின பஸ்பார், இல்லாட்டி பின்னல் செப்பு போடுங்கோ, அசைவு அதுக்குள்ள போயிடும். டேர்மினல் அலுமினியமா இருந்தா காத்துப் பட்டவுடன ஒக்சைட் படியும், அதால பூட்டுறதுக்குக் கொஞ்சம் முந்தித் தேய்ச்சுத் துடைச்சு, ஒக்சைட் பிடிக்காத பேஸ்ட் மெல்லிசாப் பூசிட்டுப் பூட்டுங்கோ. கடல்காத்து வாற காலி வீதிப் பக்கம் எண்டா இத விடவே வேண்டாம். அடுக்கு ஒழுங்கு இதுதான்: டேர்மினல், அதுக்கு மேல பஸ்பார், பிறகு வொஷர், பிறகு நட். டேர்மினலுக்கும் பஸ்பாருக்கும் நடுவில வொஷர் போட்டு வச்சிருக்கிற ஆக்களை நான் கண்ணால கண்டிருக்கிறன், அப்பிடிப் போட்டா கரண்ட் முழுக்க அந்த வொஷருக்குள்ளாலதான் போகவேணும்.

வொஷர் எண்டா கிண்ணம் மாதிரிக் குழிஞ்ச ஸ்பிரிங் வொஷர் நல்லம், சூட்டில விரிஞ்சு சுருங்கினாலும் இறுக்கம் குறையாமப் பிடிக்கும். இறுக்கிறது கைப் பழக்கத்தில வேண்டாம், எவ்வளவு இறுக்கம் எண்டு காட்டுற டோர்க் ரென்ச் எடுங்கோ. டேர்மினல்ல இருக்கிற எம்6 (6 மில்லிமீற்றர்) ஸ்ரட்டுக்கு நான் 4 நியூட்டன் மீற்றரோட நிப்பாட்டுவன், டேட்டாஷீற்ல வேற சொன்னா அதுதான் சட்டம். அலுமினிய மரை ஒருக்கா வழுக்கிச்செண்டா செல்லே போச்சு. இறுக்கினதும் நட்டுக்கும் பஸ்பாருக்கும் குறுக்கால பெயின்ற் மார்க்கரால ஒரு கோடு, பிறகு பாக்கேக்க கோடு விலகியிருந்தா நட் திரும்பியிருக்கெண்டு அர்த்தம். தவறிப்போய் ரெண்டு டேர்மினல்ல பட்டு ஷோர்ட் ஆகாம ரென்ச் பிடிக்கு ரேப் சுத்துங்கோ, கையில மோதிரம் இருந்தா கழட்டி வையுங்கோ.

18650 எண்ட சின்ன உருளைச் செல்லில கட்டுறாக்களுக்கு நட் தொல்லை இல்ல, ஆனா நிக்கல் ஸ்ட்ரிப்பைச் செல்லோட ஒட்டுற ஸ்பொட் வெல்ட் இருக்கு. செல்லை ஹோல்டருக்குள்ள ஆடாமப் பிடிச்சாத்தான் வெல்ட் தப்பும். சிலிக்கோன் போடுறதெண்டா வினாகிரி மணம் வாற சாதி வேண்டாம், அந்த அமிலம் உலோகத்தை அரிக்கும். பிளஸ் பக்கத்து வென்ற் ஓட்டையையும் (உள்ள வாயு வெளிய போற வழி) மூடிப்போடாதேங்கோ. நிக்கல் ஸ்ட்ரிப் எங்க வாங்கினாலும் ஒரு துண்டைக் கீறி இரவு உப்புத் தண்ணியில போட்டுப் பாருங்கோ, துருப் பிடிச்சா அது பூச்சுப் போட்ட இரும்பு.

மெயின் வயரை லக்குக்கு (வயர் நுனியில போடுற ஓட்டை வச்ச உலோகத் துண்டு) சோல்டர் பண்ணாதேங்கோ, நல்ல கிரிம்பரால நசியுங்கோ. சோல்டர் வயருக்குள்ள ஊறி முடியிற இடம் கம்பி மாதிரி விறைச்சுப் போகும், குலுங்கக் குலுங்க சரியா அந்த இடத்தில முறியும். லக்கில இருந்து கொஞ்சத் தூரத்தில வயரை பெட்டியோட கிளாம்ப் பண்ணுங்கோ, இடையில கொஞ்சம் தளர்வு விட்டு. ஒவ்வொரு செல்லையும் கண்காணிக்கிற போர்டான பிஎம்எஸ்ஸின்ர மெல்லிய வயருகளும் இப்பிடித்தான், அது ஒண்டு லூஸானா பிஎம்எஸ் பிழையான வோல்ட்டேஜப் பாத்து ஓட்டோவ நடு ரோட்டில நிப்பாட்டும்.

பற்றரி அனுப்ப முந்திச் செய்யிற யூஎன் 38.3 டெஸ்ட்ல 7 ஹெர்ட்ஸ்ல இருந்து 200 ஹெர்ட்ஸ் மட்டும் ஏத்தி இறக்கி 15 நிமிசம், அப்பிடி 12 தரம், மூண்டு திசையிலயும் குலுக்குவாங்கள். எங்களிட்ட அந்த மெசின் இல்ல, ரோட்டுத்தான் இருக்கு. அதால புதுசாக் கட்டினதும் ஒரு ஆள் பற்றரியில இருந்து கரண்ட் இழுக்க வச்சிருக்க, மற்ற ஆள் மல்டிமீற்றரை மில்லிவோல்ட்ல போட்டு ஒவ்வொரு ஜொயின்றுக்கும் டேர்மினலுக்கும் பஸ்பாருக்கும் நடுவில அளந்து எழுதி வையுங்கோ. ஒரு கிழமை ஓடினாப் பிறகு அதே ஆம்பியர்ல திருப்பி அளவுங்கோ. எல்லாம் 2, 3 மில்லிவோல்ட் காட்டேக்க ஒண்டு மட்டும் 15 காட்டினா அதைக் கழட்டித் துடைச்சுப் பூட்டுங்கோ, சும்மா மேலால இறுக்காதேங்கோ. மச்சான்ர ஓட்டோவில ரெண்டாவது தரம் கட்டினதில அப்பிடி ஒண்டு வந்தது, கழட்டிப் பாத்தா பஸ்பாருக்கடியில ஃபிஷ் பேப்பர் (கரண்ட் கடத்தாத தாள்) துண்டொண்டு மாட்டியிருந்தது, அது நான் வெட்டின துண்டுதான்.