பெயரைத் தவிர எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்களே!

இளம்பெண்களின் இனப்பெருக்க நலம் பற்றி எழுத வந்த பன்னிரண்டு புதிய நிருபர்களுக்கு அண்மையில் வகுப்பெடுத்தேன். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியின் கற்பனைப் பேட்டிக் குறிப்பைக் கொடுத்து, அதை முந்நூறு சொற்களில் செய்தியாக்கச் சொன்னேன். வந்த பன்னிரண்டில் ஒன்பது, நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் எழுதியதைப் போலவே இருந்தன. சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது.

பெயரைப் போடாதே, டாக்டரிடம் கேள், சட்டத்தைப் படி என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். அவற்றை விட்டுவிட்டு, புதிய நிருபர்கள் வழக்கமாகச் செய்யும் மற்ற பிழைகளைச் சொல்கிறேன்.

பெயரை மாற்றிவிட்டு மற்றதையெல்லாம் எழுதுவது

அந்த இரண்டாம் வருடக் கதை இதுதான். பாதுகாப்பற்ற முறையில் கருக்கலைப்பு செய்துகொண்டு, ரத்தப்போக்கோடு மருத்துவமனைக்குப் போய், அங்கே திட்டு வாங்கிய ஒரு மாணவியைப் பேட்டி எடுத்தேன். பெயரை மாற்றினேன். ஆனால் நர்சிங் இரண்டாம் ஆண்டு, அப்பா பஸ் டிரைவர், அடுத்த மாதம் அக்காவுக்குக் கல்யாணம் என்று எல்லாவற்றையும் எழுதினேன். முதுகுப்புறமாக எடுத்த படம் ஒன்றும் போட்டோம். தோளில் தொங்கிய பை அதில் பளிச்சென்று தெரிந்தது. விவரங்கள் உயிரோட்டமாக இருக்கின்றன என்று செய்தியாசிரியர் பாராட்டினார். எனக்கும் பெருமைதான்.

செய்தி வந்த அன்று காலை போன் வந்தது. "அக்கா, என் பேரைத் தவிர எல்லாத்தையும் எழுதிட்டீங்களே." அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் அவள் படிப்பை விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

முன்பின் தெரியாத வாசகருக்கு அவள் யாரென்று எப்போதும் தெரியப் போவதில்லை. ஆபத்து, பாதி தெரிந்தவரிடமிருந்து வருகிறது. உடன் படிப்பவள், அப்பாவோடு வேலை செய்பவர், எதிர்வீட்டுக்காரர். ஒவ்வொரு விவரமும் தனியாக நின்றால் ஒன்றும் செய்யாது. நான்கு சேர்ந்தால் ஒரே ஒரு பெண்தான் மிஞ்சுவாள். நீங்கள் கவனமாக ஊரை மறைத்திருப்பீர்கள். இன்னொரு பத்திரிகை ஊரைப் போட்டுப் படிப்பை மறைத்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும்.

இப்போது நான் செய்வது இது. பேட்டி முடிந்ததும், "இது யாருக்குத் தெரியவே கூடாது?" என்று கேட்கிறேன். அவள் மூன்று நான்கு பேரைச் சொல்வாள். எழுதிய பிறகு அந்த ஒவ்வொருவராகவும் உட்கார்ந்து செய்தியைப் படிக்கிறேன். செய்தியின் வாதத்துக்குத் தேவைப்படாத விவரம் போய்விடும். கல்லூரி அவளை வெளியேற்றியிருந்தால் மாணவி என்பது வேண்டும். அப்பாவின் வேலை எதற்கு? நீக்கியதற்குப் பதிலாகப் பொய் விவரம் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள், அப்பாவைத் தையல்காரர் ஆக்கிவிடுவார்கள். அது வேறொரு குற்றம். "கல்லூரியில் படிக்கும் இளம்பெண்" என்று மங்கலாக விட்டால் போதும்.

முதுகுப் படம், நிழல் படம், கைப் படம் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. நடை, மோதிரம், தழும்பு எதையும் அறிந்தவர்கள் அறிவார்கள். போனில் எடுத்த படக் கோப்புக்குள் எடுத்த இடம்கூடப் பதிந்திருக்கலாம். அனுப்பும் முன் நீக்கிவிடுங்கள்.

ஒப்புதலிலும் இதே அவசரம். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி அவள் சொன்ன "சரி" போதாது. வெளியிடும் முன் அவளைப் பற்றிய பகுதியை வாசித்துக் காட்டி மறுபடி கேளுங்கள்; வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அதற்கும் எந்த எண்ணில், எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். என் வகுப்பில் ஒரு பையன், "உங்கள் கருக்கலைப்புப் பேட்டி நாளை வருகிறது" என்று குறுஞ்செய்தி அனுப்புவேன் என்றான். அந்த போன் அவள் அண்ணன் கையில் இருந்தால்?

வாரக் கணக்கு

கர்ப்ப வாரங்களைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். ஆக, ஆறு வாரக் கர்ப்பம் என்றால் கரு உருவாகி ஏறத்தாழ நான்கு வாரம். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பதின்ம வயதில் சுழற்சி ஒழுங்கில்லாமல் இருப்பது சகஜம், தெரியாமலேயே போகலாம். இதை அறியாமல் "ஆறு வாரமாக மறைத்தார்" என்று எழுதுகிறார்கள்.

கருச்சிதைவும் கருக்கலைப்பும்

முதலாவது தானாக நிகழ்வது, இரண்டாவது செய்யப்படுவது. மாற்றி எழுதினால், குழந்தையை இழந்து அழுபவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவீர்கள். "கரு கலைந்தது" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதும் வேண்டாம்.

அவசரக் கருத்தடை மாத்திரை

கருக்கலைப்பு மாத்திரை அல்ல. சினைமுட்டை வெளிவருவதைத் தடுக்கும் அல்லது தள்ளிப்போடும். ஏற்கெனவே உண்டான கர்ப்பத்தைக் கலைக்காது.

உரிமையை இரக்கமாக எழுதுவது

"மருத்துவர் மனமிரங்கிச் சிகிச்சை அளித்தார்." ஒன்பதில் நான்கில் இந்த வாடை. எத்தனை குழந்தை, எப்போது, எவ்வளவு இடைவெளியில் என்று தாங்களே முடிவு செய்வதும், அதற்கான தகவலையும் வழிகளையும் பெறுவதும் உரிமை என்பதை 1994-இல் கெய்ரோவில் நடந்த மக்கள்தொகை, வளர்ச்சி மாநாட்டில் 179 நாடுகள் ஏற்றுக்கொண்டன. அப்படிப் பார்த்தால் உங்கள் கேள்விகளே மாறிவிடும். மாத்திரை ஏன் இருப்பில் இல்லை? வகுப்பு நேரத்தில் மட்டும் கிளினிக் ஏன் திறந்திருக்கிறது? சட்டம் கேட்காத பெற்றோர் கையெழுத்தை வரவேற்பு மேசையில் கேட்டது யார்? இரக்கப்பட்ட டாக்டரைவிட இந்த மூன்றும் நல்ல செய்தி.

எண்கள்

பேறுகால இறப்பு விகிதம் என்பது ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு எத்தனை தாய்மார் இறக்கிறார்கள் என்பது. "ஒரு லட்சம் பெண்களில்" அல்ல. கர்ப்பம் முடிந்த 42 நாள் வரை நேரும் இறப்புகளும் அதில் அடங்கும், பிரசவ அறையோடு கணக்கு முடிவதில்லை. பதின்ம வயதுப் பிறப்பு விகிதம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 15 முதல் 19 வயது வரை உள்ள பெண்களில், ஆயிரம் பேருக்கு இத்தனை பிறப்பு என்ற கணக்கு. பதினான்கு வயதுக்காரி அந்த எண்ணில் இல்லை. அவளைப் பற்றிய செய்தியில் அதைத் தூக்கி வைக்காதீர்கள்.

கன்னித்தன்மைப் பரிசோதனை

அறிவியலில் அப்படி ஒன்று இல்லை. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018-இல் இதை ஒழிக்கச் சொல்லிவிட்டன. "பரிசோதனையில் உறுதியானது" என்று எவர் சொன்னாலும் அப்படியே எழுதக் கூடாது.

"சீரழிந்த", "கற்பிழந்த"

எழுதாதீர்கள்.

தலைப்பு

அதை நீங்கள் வைப்பதில்லை என்று தெரியும். பக்கம் அச்சுக்குப் போகும் வரை, தலைப்பு வைக்கும் டெஸ்க்கை விட்டு நகராதீர்கள்.